மிகுபுனைவும் விசுவாசமும்: தோட்டப்புறத்து வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்து ஊரில், ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீரும் பிஸ்கட்டும் தீர்ந்த பிறகு, நாங்கள் சிலர் சபையின் பின்னறையில் உட்கார்ந்து கதைப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது சில ஆண்டுகளாக வழக்கம். செம்பனை ஆலையில் வேலை செய்யும் இளைஞர்கள், கல்லூரி மாணவிகள், இரண்டு தாய்மார்கள், ஓய்வுபெற்ற கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) ஒருவர் என்று கலவையான கூட்டம் அது. அங்கே திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளுக்கு நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நான் போதகர் அல்லன். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். ஆகவே இவற்றை வேத விளக்கமாகக் கொள்ளாமல், நெடுநாள் வாசகன் ஒருவனின் கருத்தாகவே கொள்ள வேண்டுகிறேன்.

மிகுபுனைவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

நாம் வாழும் உலகத்தில் நடக்க முடியாதவை இயல்பாக நடக்கும் ஓர் உலகத்தை ஆசிரியர் கட்டி, அந்த உலகத்துக்குரிய ஒழுங்கைக் கடைசிவரை மீறாமல் சொல்லும் கதையையே மிகுபுனைவு என்கிறேன். எங்கள் ஊரில் இதற்கு 'மாயாஜாலக் கதை' என்றுதான் பெயர். அந்தப் பெயரிலேயே பாதிச் சண்டை தொடங்கிவிடுகிறது.

நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய் அல்லவா? பொய்யைப் படிப்பதும் எழுதுவதும் விசுவாசிக்குத் தகுமா?

பொய் சொல்கிறவன், கேட்பவர் அதை உண்மையென்று நம்ப வேண்டும் என்பதற்காகவே சொல்கிறான். 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்று தொடங்குகிறவரோ, இது கதை என்பதை முதல் சொல்லிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். இருவர் செய்வதும் ஒன்றாகாது.

வேதாகமத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. நியாயாதிபதிகள் 9 ஆம் அதிகாரத்தில் யோதாம் கெரிசீம் மலையுச்சியில் நின்று சீகேமின் மக்களுக்கு ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப் புறப்படுகின்றன. ஒலிவமரம் தன் எண்ணெயை விட்டு வர மறுக்கிறது. அத்திமரம் தன் இனிமையையும், திராட்சச்செடி தன் ரசத்தையும் விட மறுக்கின்றன. கடைசியில் முட்செடி மட்டும் சம்மதித்து, என் நிழலில் வந்து அடையுங்கள் என்று கூப்பிடுகிறது. முட்செடிக்கு ஏது நிழல்? தன் சகோதரர் எழுபது பேரைக் கொன்று பதவிக்கு வந்த அபிமெலேக்கைப் பற்றி நேராகப் பேசியிருந்தால் யோதாம் முதல் வாக்கியத்தைக்கூட முடித்திருக்க மாட்டான். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னதும் இப்படித்தான். கதையைக் கேட்டுக் கோபம் பொங்கிய பிறகுதான் அந்தக் கோபம் தன் மேலேயே திரும்புவதை ராஜா உணர்ந்தான்.

யோதாமின் கதையை எங்கள் வட்டத்தில் படித்த அன்று, கிராணியார் சிரித்துக்கொண்டே, நம்முடைய தோட்டத்தில் மரங்கள் கூடினால் பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் வேலை இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடும், களையாக மண்டும் லாலான் புல்தான் நாற்காலியில் வந்து உட்காரும் என்றார். அந்த ஒரு வரியிலிருந்து ஒரு மாணவி நான்கு பக்கக் கதை எழுதினாள். நன்றாகவே எழுதினாள்.

உபாகமம் 18 ஆம் அதிகாரம் மந்திரவாதத்தைத் தடுக்கிறதே. அப்படியிருக்க, மந்திரவாதிகள் வரும் கதைகளை எப்படிப் படிப்பது?

எங்கள் வட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். மேல்நாட்டுக் கிறிஸ்தவர்கள் இதற்கு எழுதிவைத்திருக்கும் பதில்களை அப்படியே இங்கே இறக்கிவைத்தால் பொருந்தாது என்பதும் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

வசனத்தை முதலில் பார்ப்போம். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் ஆகியோர் உங்களுக்குள்ளே இருக்க வேண்டாம் என்று 10, 11 ஆம் வசனங்கள் சொல்கின்றன. 15 ஆம் வசனம், கர்த்தர் ஒரு தீர்க்கதரிசியை எழும்பப்பண்ணுவார், அவருக்குச் செவிகொடுங்கள் என்கிறது. ஆகவே அந்தப் பகுதியின் கேள்வி, நீ யாருடைய குரலுக்குக் காது கொடுக்கிறாய் என்பதே. இத்தகைய ஆட்களைப் பற்றிப் பேசவோ கதை சொல்லவோ கூடாது என்று அங்கே இல்லை. எந்தோரில் அஞ்சனம் பார்க்கும் பெண்ணிடம் சவுல் ராஜா வேடமிட்டுப் போன இரவை 1 சாமுவேல் 28 ஆம் அதிகாரம் ஒரு தேர்ந்த கதைசொல்லியின் நுணுக்கத்தோடு விவரிக்கிறது. பகலெல்லாம் சாப்பிடாமல் தரையில் விழுந்து கிடந்த ராஜாவுக்கு அவள் கன்றுக்குட்டி அடித்துச் சமைத்துப் போட்டது வரைக்கும் அதில் இருக்கிறது.

இதுவரை எல்லா நாட்டுக்கும் பொது. வேறுபாடு இனிமேல்தான். 1950 இல் இங்கிலாந்தில் ஒரு சூனியக்காரியைக் கதையில் வைத்த ஆசிரியருக்கு, தம் வாசகர் யாரும் அடுத்த தெருவில் ஒரு சூனியக்காரியைத் தேடிப் போகப்போவதில்லை என்பது தெரியும். அவர்களுக்கு அது பாட்டி கதைச் சரக்கு. நமக்கு அப்படி இல்லை. குழந்தை இரவில் வீறிட்டால் மந்திரித்துக் கயிறு கட்ட எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மலாய்க் கம்போங்கில் (கிராமத்தில்) பொமோ என்னும் மந்திரவாதி எங்கே இருக்கிறார் என்பதும் தெரிந்திருந்தது. இன்று லயங்கள் போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் வந்துவிட்டன. ஆனால் தொழில் நசித்தாலோ கல்யாணம் தள்ளிப்போனாலோ ஞாயிற்றுக்கிழமை ஜெபித்துவிட்டு வெள்ளிக்கிழமை குறிகேட்கப் போகும் குடும்பங்கள் இல்லாமல் போகவில்லை. நம்மில் பலருக்கு மந்திரம் கற்பனைப் பொருளே அல்ல. அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சோதனை.

ஆகவே நான் கொள்ளும் நிலை இது. மரம் பேசுவதும் ஆறு கோபித்துக்கொள்வதும் ஆந்தை வழிகாட்டுவதும் எந்த விசுவாசியையும் இடறச்செய்ய வேண்டியதில்லை. பிலேயாமின் கழுதை பேசியிருக்கிறது. அந்தக் கற்பனை உலகத்தில் ஒரு பிறவிக்கு இயல்பாகவே அமைந்த வல்லமையும் அப்படித்தான். ஆனால் ஒரு மனிதன் சில சொற்களையும் பொருள்களையும் கொண்டு மறைவான சக்தியைத் தன் சொல்படி ஆட்டிவைக்கும் நுட்பத்தை, இங்கே யாரோ உண்மையாகவே செய்துவரும் சடங்கின் சாயலில், வாசகருக்கு ஆசை வரும்படி எழுதும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். எபேசுவில் விசுவாசிகளானவர்கள் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமான புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள் என்று அப்போஸ்தலர் 19:19 சொல்கிறது. அவை கதைப் புத்தகங்கள் அல்ல, தொழில் கையேடுகள். அந்த வித்தியாசம் மங்கும் இடத்தில் நம் ஊர்க்காரர் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பதில் தவறில்லை.

லூயிஸும் டோல்கீனும் எழுதியவை கிறிஸ்தவக் கதைகள்தானா?

இருவரும் விசுவாசிகள், நண்பர்கள், ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர்கள். சி. எஸ். லூயிஸ் ஆங்கிலிக்கன், ஜே. ஆர். ஆர். டோல்கீன் கத்தோலிக்கர். 1931 செப்டம்பரில் ஓர் இரவு, டோல்கீனும் இன்னொரு நண்பரும் லூயிஸோடு கல்லூரித் தோட்டப் பாதையில் நடந்தபடி, பழங்கதைகளுக்கும் கிறிஸ்துவின் கதைக்கும் உள்ள உறவைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். லூயிஸ் கிறிஸ்துவிடம் வந்ததில் அந்த உரையாடலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவர் விசுவாசத்துக்கு வரும் வழியில் புராணங்களைப் பற்றிய பேச்சும் கிடக்கலாம் என்பதை, கதை என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

ஆனால் எழுதிய முறையில் இருவரும் இரு துருவங்கள். 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களாக வந்த நார்னியா வரிசையில், இன்னோர் உலகத்துக்கும் மீட்பு தேவைப்பட்டால் கிறிஸ்து அங்கே எந்த உருவில் வருவார் என்று லூயிஸ் கற்பனை செய்தார், சிங்கம் வந்தது. டோல்கீனுக்கு ஒன்றுக்கு ஒன்று பொருத்திக் காட்டும் உருவகக் கதை பிடிக்காது. 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய மோதிரக் கதையில் (தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்) கோவிலும் இல்லை, ஆராதனையும் இல்லை என்றே சொல்லலாம். இருந்தும் தீய மோதிரம் அழியும் நாளை அவர் மார்ச் 25 என்று குறித்தார். அது மரியாளுக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அந்தத் தேதியை உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு, உண்மையைச் சொன்னால், இந்த முறைதான் அதிகம் பிடிக்கும்; எங்கள் வட்டத்துத் தாய்மார்கள் சிங்கத்தின் பக்கம்.

அவர்கள் ஆங்கிலேயர். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இத்தகைய மரபு உண்டா?

உண்டு, அதுவும் லூயிஸுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஆற்றாமை வருகிறது, ஏனென்றால் நார்னியாவைத் திரைப்படமாகப் பார்த்த நம் பிள்ளைகளில் தேம்பாவணி என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் சூசையப்பரை, அதாவது இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பைத் தலைவராக வைத்து 1726 ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணியில் 36 படலங்களும் 3615 பாடல்களும் உள்ளன. அதில் வரும் பாலஸ்தீனம் தமிழ் நிலமாகவே இருக்கிறது. யோசேப்பு அங்கே வளன்; யோவான் ஸ்நானகன் கருணையன். தாயாகிய எலிசபெத் இறந்தபின் காட்டில் தனித்து நின்று கருணையன் புலம்பும்போது, மரங்களும் மலர்களும் பறவைகளும் அவனோடு சேர்ந்து அழுகின்றன. பெயரை மாற்றி, நிலத்தை மாற்றி, இயற்கைக்கே உணர்ச்சி கொடுத்து எழுதும் துணிவு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு வந்துவிட்டது.

எனக்கு இன்னும் வியப்பளிப்பவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவருடைய கீர்த்தனைகளை மலேசியத் தமிழ்ச் சபைகளிலும் பாடுகிறோம். குறவஞ்சி என்ற நாடக வகையில், தலைவனை எண்ணி ஏங்கும் தலைவியும், அவளுக்குக் கைபார்த்துக் குறி சொல்லும் மலைக்குறத்தியும், பறவை பிடிக்கும் சிங்கனும் கட்டாயம் வருவார்கள். குறி சொல்வதை வேதம் தடுக்கிறது என்று அவர் அந்த வகையையே ஒதுக்கியிருக்கலாம். அவரோ பெத்லகேம் குறவஞ்சி பாடினார். தலைவி தேவமோகினி, அவள் ஏங்குவது கிறிஸ்துவுக்காக. குறத்தி சொல்லும் குறி நற்செய்தியாகிறது. சிங்கன் விரிக்கும் வலை ஆத்துமாக்களைப் பிடிக்கும் வலையாகிறது. மேலே மந்திரத்தைப் பற்றி நான் இத்தனை வரிகளில் தடுமாறிச் சொன்னதை அவர் ஆடலும் பாடலுமாகச் செய்து காட்டிவிட்டார்.

ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ண பிள்ளையையும் சொல்ல வேண்டும். ஜான் பனியன் 1678 இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, அவர் இரட்சணிய யாத்திரிகத்தைக் காப்பியமாகவே பாடினார். அது 1894 இல் நூலாக வந்தது. அதற்கு முன் நற்போதகம் என்ற மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. மாதம் ஒரு பகுதி எழுதவும் நேரமில்லை என்று சொல்லும் இளைஞர்களிடம் இந்தப் பதின்மூன்றைச் சொல்லிவிட்டு நான் மௌனமாகிவிடுவேன்.

என் பத்து வயது மகன் மந்திரப் பள்ளிக்கூடத்துக் கதை வரிசையைக் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

உங்கள் மகனை நான் அறியேன், நீங்கள் அறிவீர்கள். இரவில் விளக்கை அணைக்கப் பயப்படும் பிள்ளை என்றால் இன்னும் இரண்டு ஆண்டு பொறுப்பதில் நட்டமில்லை. மற்றபடி, ஒளித்துவைப்பதைவிடக் கூடவே படிப்பது நல்லது. ஒரு தாயார் புத்தகத்தை அலமாரியில் பூட்டினார்; பையன் கைப்பேசியில் படித்து முடித்துவிட்டான். அம்மாவிடம் பேச முடியாத ஒன்று அந்த வீட்டில் புதிதாக உண்டானதுதான் மிச்சம்.

கூடப் படிக்கும்போது, மந்திரக்கோலைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம். கதாநாயகன் பொய் சொல்லித் தப்பிக்கும்போது கதை அவனைப் பாராட்டுகிறதா, பலவீனமான பிள்ளையைக் கேலி செய்யும்போது நம்மையும் சிரிக்க வைக்கிறதா என்று பாருங்கள். மந்திரமே இல்லாத, சுத்தம் என்று நாம் நம்பிக் கொடுக்கும் நகைச்சுவைக் கதைகளில் இந்த நஞ்சு அதிகம் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பெரியவர் என் கையிலிருந்த பூதக்கதைப் புத்தகத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். கதையின் முடிவை நாற்பது வயதில்தான் படித்தேன். பூதம் மனம் திரும்பியிருந்தது.

தோட்டத்துப் பேய்க்கதைகளை வைத்து எழுதலாமா?

எழுதலாம். ஆனால் பயத்தைக் கேலி செய்ய மட்டும் எழுதாதீர்கள். விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு தனியாக நிரைக்குள் நுழைந்து, உளியால் பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைக் கவிழாமல் வைத்து, அடுத்த மரத்துக்குப் போன பெண்ணுக்கு இருட்டைப் பற்றித் தெரிந்தது நமக்குத் தெரியாது. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட தலைமுறை பாம்பையும் புலியையும் மலேரியாவையும் கண்டது. 1948 ஜூன் 16 ஆம் நாள் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. தோட்ட மக்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டார்கள், அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. தாத்தாமார் சொன்ன பேய்க்கதைகளில் எத்தனையில் பேய் நின்ற இடம் அந்த வேலிக்கு வெளியே என்று கேட்டுப்பாருங்கள்.

மலாய்க்காரரின் பேய்களான பொந்தியானாக்கையும் (பிரசவத்தில் இறந்த பெண்ணின் பேய்) தோயோலையும் (குழந்தை உருவப் பேய்) கதைக்குள் அழைத்தால், அவற்றை வெறும் அலங்காரமாக்காமல் அவை எந்தத் துக்கத்திலிருந்து பிறந்தவை என்பதையும் சேர்த்து அழையுங்கள். பிரசவத்தில் இறந்த பெண்ணின் துக்கம் எல்லா மொழிக்கும் பொது.

அண்டை வீட்டார் வணங்கும் தெய்வங்களைத் தீய சக்திகளாகக் காட்டலாமா?

கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வட்டத்தில் ஓர் இளைஞர், தோட்டத்து எல்லையில் மரத்தடியில் இருக்கும் காவல் தெய்வத்தை வில்லனாக வைத்து ஒரு கதை வாசித்தார். நடை நன்றாக இருந்தது. ஆனால் அந்த மரத்தடியில் பொங்கல் வைக்கும் குடும்பம்தான் அவருடைய தாயார் மருத்துவமனையில் இருந்தபோது மூன்று வாரம் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது. அவரும் அதை மறந்திருக்கவில்லை, கதைக்கும் வாழ்க்கைக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பவுல் அத்தேனேயில் அவர்களுடைய பலிபீடங்களைச் சுற்றிப் பார்த்தபின், அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துக்காட்டிப் பேசினார். விசுவாசத்தில் விட்டுக்கொடுக்காமலும் மரியாதை குறையாமலும் பேச முடியும் என்பதற்கு அப்போஸ்தலர் 17 ஆம் அதிகாரம் போதும். மேலும், கதைக் கலை என்ற அளவிலும் அது சோம்பேறித்தனம்: மிகுபுனைவு எழுதுகிறவர் தீமையைத் தாமே கற்பித்து உருவாக்க வேண்டும், அடுத்தவர் வாசலிலிருந்து தூக்கிவரக் கூடாது.

அப்படியானால் தீமையை எங்கிருந்து எடுப்பது?

நம் வேதாகமத் தமிழே ஒரு புதையலைக் கொடுத்திருக்கிறது. எபேசியர் 6:12 இல் துரைத்தனங்களோடும் அதிகாரங்களோடும் நமக்குப் போராட்டம் உண்டு என்று வாசிக்கிறோம். சென்னையில் இருக்கும் வாசகருக்குத் 'துரைத்தனம்' ஒரு பழஞ்சொல். தோட்டத்தில் பிறந்தவருக்கோ அந்தச் சொல்லுக்கு பங்களாவும் குதிரையும் தொப்பியும் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) வரிசையாக நின்று பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருந்த நினைவு உண்டு. மண்ணிலும் வானத்திலும் ஒரே சொல்லால் அழைக்கப்படும் அதிகாரம் என்பது, ஒரு மிகுபுனைவு ஆசிரியர் பத்து ஆண்டு யோசித்தாலும் கிடைக்காத தொடக்கம்.

ஒரு சிந்தனைக்காக: இரவில் பெரட்டு எடுக்கும் ஒரு கங்காணி, அவன் கையில் ஒரு பதிவேடு, அதில் பெயர் எழுதப்பட்டவர் தம் பெயரையே மறந்து நிரை எண்ணால் மட்டும் தம்மை அறிகிறார். எங்கோ இன்னொரு புத்தகம் இருக்கிறது என்றும் அதில் பெயர்கள் அழியாமல் இருக்கின்றன என்றும் ஒரு பாட்டி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேதாகமம் சொல்லும் ஜீவபுஸ்தகம் என்ற சொல்லைக் கதையில் ஓரிடத்திலும் எழுத வேண்டியதில்லை.

கதையில் இயேசுவின் பெயரும் வசனங்களும் வர வேண்டாமா? பின் எப்படி அது கிறிஸ்தவக் கதையாகும்?

தச்சர் ஒருவர் விசுவாசி என்பதற்காக ஒவ்வொரு நாற்காலியிலும் வசனம் செதுக்குவதில்லை; கால் ஆடாமல் செய்கிறாரா என்றுதான் பார்ப்போம். எங்கள் வட்டத்துக்கு வரும் கதைகளில் அதிகம் காணும் குறை, கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளுடைக்காரர் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிடுவது. அதுவரை தானாகச் சிந்தித்துவந்த வாசகர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்த மாணவராகிவிடுகிறார். நானும் ஆசிரியராக இருந்தவன் என்பதால் அந்த ஆசை எவ்வளவு பலமானது என்று அறிவேன்.

லூயிஸ் முதலில் ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு அதற்குக் கதை தைக்கவில்லை. பனி பெய்த காட்டில் குடையும் பொதிகளும் ஏந்திய ஆட்டுக்கால் மனிதன் ஒருவனின் உருவம் பதினாறு வயதிலிருந்தே தம் மனத்தில் இருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். டோல்கீன் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு மாணவர் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில் 'ஹாபிட்' என்ற தம் கதையின் முதல் வரியைக் கிறுக்கினார். (தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.) உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் உருவத்தைத் தேடுங்கள். விசுவாசம் உங்களுக்குள் உண்மையாக இருந்தால் அது கதைக்குள் வராமல் இருக்கவே முடியாது. இல்லாவிட்டால் எத்தனை வசனம் சேர்த்தாலும் வராது.

பனியும் கோட்டையும் குதிரைவீரரும் இல்லாமல் மிகுபுனைவு எழுத முடியுமா?

நார்னியாவின் முதல் நூலில் சூனியக்காரியின் ஆட்சிக்கு அடையாளம், என்றும் குளிர்காலம், ஆனால் கிறிஸ்துமஸ் வருவதே இல்லை என்பது. கோலகங்சாருக்குக் கிழக்கே பனியைப் பார்த்தவர் யார்? குளிர் நம் பிள்ளைகளுக்கு விடுமுறைக்குக் கேமரன் மலை போவதைத்தான் நினைவூட்டும். நம் பாட்டிமாருக்குக் கொடுமையான பருவம் எதுவென்றால் மழை. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. சீவாவிட்டால் கூலி இல்லை. ஒரு தோட்டத்தில் மழை நிற்கவே இல்லை என்று தொடங்குங்கள். அடுப்பு அணைந்த வீடுகள் தாமாகவே கண்ணில் வந்துவிடும்.

சுற்றிப் பாருங்கள். 1877 இல் நடப்பட்ட ஆதிப் பால்மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. அமேசான் காட்டிலிருந்து லண்டன் வழியாகக் கடல் கடந்து வந்த அகதி அது, நம்மைப் போலவே. அது பேசினால் எந்த மொழியில் பேசும்? செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தைக் கூடுகளைக் கம்பத்தில் வைக்கிறார்கள். அலறினால் சாவு என்று நாம் விரட்டிய பறவைக்குத் தோட்டம் இன்று வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. இதற்குமேல் என்ன கோட்டை வேண்டும்?

எந்தத் தமிழில் எழுதுவது?

கதை சொல்பவர் எழுத்துத் தமிழிலும், பாத்திரங்கள் தோட்டத்துத் தமிழிலும் பேசினால் போதும். பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் நடையைக் கடவுளுக்கு நெருக்கமான பாத்திரத்துக்கு மட்டும் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது; அந்தப் பாத்திரம் வாயைத் திறந்ததும் கதை முடிவு தெரிந்துவிடும். பெயர்களுக்கு வீரமாமுனிவரைப் பின்பற்றலாம். 'வளன்' என்று எழுதியவருக்கு அயல்நாட்டு ஓசையுள்ள பெயர் ஒன்றும் தேவைப்படவில்லை.

சபையில் மூத்தவர் ஒருவர் இத்தகைய கதைகளைக் கடுமையாக எதிர்க்கிறார். என்ன செய்வது?

அவர் இளமையில் எதிலிருந்து வெளியே வந்தவர் என்று முதலில் விசாரியுங்கள். சாமியாடிகளின் குடும்பத்தில் பிறந்து, உறவை இழந்து, விசுவாசத்துக்கு வந்த ஒருவருக்கு, உங்களுக்கு விளையாட்டாகத் தோன்றும் ஒரு பக்கம் பழைய வீட்டின் கதவாகத் தெரியலாம். விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றி 1 கொரிந்தியர் 8 ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியது இதற்கும் பொருந்தும்: உண்ணலாம் என்ற அறிவு சரியாகவே இருந்தாலும், பலவீனமான மனச்சாட்சியுள்ள சகோதரன் அதனால் கெட்டுப்போகக் கூடாது. அவர் முன்னிலையில் வாசிக்காதீர்கள். அவருக்காக எழுதுவதை நிறுத்தவும் வேண்டாம். எங்கள் வட்டத்தை ஓராண்டு எதிர்த்த ஒரு மூத்தவரிடம், அவர் தோட்டத்தில் சிறுவனாக இருந்தபோது கேட்ட கதைகளைச் சொல்லும்படி ஒருநாள் கேட்டோம். இரண்டு மணி நேரம் சொன்னார். எதிர்ப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் மழை நிற்காத தோட்டத்தின் கதை அவருடையதுதான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

வாசிக்க: யோதாமின் கதை, பிறகு தேம்பாவணியில் கருணையன் புலம்பும் பகுதியை உரையோடு, பிறகு நார்னியாவின் முதல் நூல். மோதிரக் கதையைப் பள்ளி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அது நீளம். எழுத: நான்கு பக்கத்துக்குமேல் வேண்டாம், ஒரே ஓர் இயலாத காரியம் மட்டும் நடக்கட்டும், மற்றதெல்லாம் நம் ஊரில் நடப்பது போலவே நடக்கட்டும். எழுதியதை ஞாயிறு தேநீர் நேரத்தில் கொண்டுவாருங்கள். பிஸ்கட் தீர்வதற்குள் வந்தால் நல்லது.